பருவக் காசும் பன்னிரண்டு மாதமும்: சாம்பல்தீவுப் படகுக் குடும்பம் ஒன்றின் கணக்கு

திருகோணமலை நகரில் இருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளி தாண்டினால் சாம்பல்தீவு. இந்த ஆய்வில் வரும் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரே வீட்டின் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலையும் வெளிநாட்டுக்காரரையும் நம்பிப் பிழைக்கும் பல வீடுகளின் நிலைமையைச் சேர்த்துக் கட்டிய மாதிரிக் குடும்பம் இது. தொகைகள் 2025 விலைவாசியை ஒட்டிப் போட்டவை. கூட்டல் கழித்தல் விளங்க வேண்டும் என்பதற்காக, விலையும் வரும்படியும் மாறாது என்று வைத்தே இங்கே வரும் மூன்று வருஷத்தையும் கணக்கிட்டிருக்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர். கணவர் நிலாவெளிக் கரையில் இருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகு ஓட்டுகிறார். படகு இன்னொருவருடையது, இவருக்குப் பங்குதான். மனைவி நகரில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார். வீடு சொந்தம், வாடகை இல்லை. குடி, சூது எதுவும் இல்லை. இருந்தும் வருஷா வருஷம் நவம்பரில் இரண்டு பவுண் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது, அடுத்த யூனில் திரும்பி வருகிறது.

“இவ்வளவு உழைச்சும் அந்தச் சங்கிலி ஏன் என்ர கழுத்தில நிக்குதில்லை?” என்று மனைவி கேட்டதில்தான் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வரவு

மனைவியின் சம்பளம் 45,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 3,600 கழிய, கைக்கு 41,400 வருகிறது. இது மாதம் தவறாமல் வரும்.

கணவரின் காசு அப்படியல்ல. மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், ஆட்களும் வருவார்கள். அந்த ஐந்து மாதமும் சராசரியாக 95,000. ஏப்ரலும் ஒக்ரோபரும் இரண்டும்கெட்டான் மாதங்கள், 45,000 அளவில். நவம்பரில் வாடை தொடங்கினால் மார்ச் வரை படகு கரையில்தான். அப்போது மேசன் வேலைக்கு உதவியாகப் போவார், மழை விட்ட நாட்களில் களப்பில் வலை போடுவார். மாதம் 22,000 தேறினால் நல்லது. வருஷத்துக்குக் கூட்டினால் கணவர் 675,000, மனைவி 496,800. மொத்தம் 1,171,800. மாதத்துக்குப் பிரித்தால் 97,650.

இந்த 97,650ஐ அவர்கள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. யூலையில் கையில் 136,400 இருக்கும், டிசெம்பரில் 63,400 இருக்கும். சிக்கல் முழுக்க இந்த இரண்டு தொகைக்கும் இடையில்தான் கிடக்கிறது.

செலவு

மாதச் செலவு 71,000. சாப்பாட்டுச் சாமான், மீன், மரக்கறி, பால்மா எல்லாம் சேர்த்து 42,000. சமையல் காஸ் மாதக் கணக்கில் 2,800 அளவில் வரும், 12.5 கிலோ சிலிண்டர் 3,690, நாற்பது நாள் ஓடும். கரண்டும் தண்ணீரும் 4,200. போன் 3,000. ரியூசன் 9,000. பெற்றோலும் பஸ்ஸும் 7,000. ஆஸ்பத்திரி கிளினிக்கில் இல்லாத மருந்தை அம்மாவுக்கு வெளியே வாங்க 3,000.

இதுவரை எல்லாக் குடும்பமும் எழுதும் கணக்குத்தான். இங்கே வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சேமிப்புப் பற்றி யாரைக் கேட்டாலும் தேத்தண்ணியைக் குறை, லைட்டை நிற்பாட்டு என்றுதான் தொடங்குவார்கள். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் 42,000ஐ மேலும் நெருக்கினால் பிள்ளைகளின் தட்டில் மீன்தான் குறையும். அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கவனிக்க வேண்டியது மாதக் கணக்கில் வராத செலவுகளை. கேட்டால் “திடீர்ச் செலவு” என்பார்கள். எழுதிப் பார்த்தால் அதில் திடீர் என்று எதுவுமே இல்லை. தீபாவளி உடுப்பு 25,000. மழைக்கு முன் ஓடு மாற்ற 15,000. தையில் புது வகுப்பு. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தந்தாலும், சப்பாத்து, பை, கொப்பி, தையல்கூலி, பள்ளிக் கட்டணங்கள் என்று இரண்டு பிள்ளைக்கும் 32,000. பொங்கல் 6,000. பங்குனியில் கோயில் திருவிழா 10,000. சித்திரை வருஷம் 15,000. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி, வருமான அனுமதிப் பத்திரம், டயர், சர்வீஸ் 18,000. காய்ச்சல், இரத்தப் பரிசோதனை என்று வருஷத்தில் 20,000.

பிறகு கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. 40,000. இதைக் குறைக்கலாமே என்று யாரும் சொல்லலாம். மகளின் சாமத்தியவீட்டுக்கு யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதிய கொப்பி அலுமாரியில் இருக்கிறது. 5,000 தந்தவர் வீட்டுக்கு 2,000 கொண்டுபோக முடியாது. அது ஒருவகையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தான். வங்கி கேட்காது, சொந்தக்காரர் கேட்பார்கள். ஆகவே இந்த 40,000ஐ மனைவி தொடவிடவில்லை, அது சரியென்றே நினைக்கிறேன்.

இந்த வருஷச் செலவுகள் 181,000. மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கினால் 852,000. இரண்டும் 1,033,000. வரவில் இருந்து கழித்தால் 138,800 மிஞ்ச வேண்டும்.

“மிஞ்ச வேணுமா? எங்க?” என்றார் கணவர்.

138,800 போன வழி

வருஷச் செலவுகள் விழும் மாதங்களைப் பாருங்கள். தீபாவளி, கூரை, பள்ளி, பொங்கல், திருவிழா, சித்திரை எல்லாமே ஒக்ரோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். படகு கரையில் கிடக்கும் காலத்தில்தான் 103,000 ரூபாய்ச் செலவு வந்து நிற்கிறது. அதோடு வாடை மாதங்களில் வீட்டுச் செலவுக்கே மாதம் 7,600 குறை, ஐந்து மாதத்துக்கு 38,000. ஏப்ரல், ஒக்ரோபரில் மிஞ்சும் 30,800ஐக் கழித்தாலும் 110,200 துண்டு விழும். தை மாதக் கல்யாணங்களும் மழைக்காலக் காய்ச்சலும் சேர்ந்தால் 140,000 ஆகிவிடும்.

இதற்குத்தான் சங்கிலி. நவம்பரில் தனியார் அடகுக் கடையில் 150,000, வட்டி மாதம் 2.5 வீதம். யூனில் மீட்கும்போது எட்டு மாத வட்டி 30,000.

அந்தக் காசு நவம்பர், டிசெம்பரிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். பழைய கடைக்கொப்பியை அடைக்க வேண்டும், போன தையில் எடுத்த கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். ஆகவே தையில் பள்ளிச் செலவுக்குத் திரும்பவும் கிழமைக் கடன், அதாவது கிழமைக்குக் கிழமை கட்டும் கடன். 100,000 எடுத்தால் கிழமைக்கு 2,400 வீதம் 52 கிழமை, மொத்தம் 124,800. வட்டி 24,800 என்றதும் 25 வீதம் போலத் தெரியும். அது அப்படியல்ல. முதல் கிழமையில் இருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போவதால், வருஷம் முழுக்கச் சராசரியாகக் கையில் இருப்பது எடுத்த காசில் பாதியைவிடச் சற்றுக் கூடத்தான். அந்தத் தொகைக்கு 24,800 வட்டி என்று கணக்கிட்டால் உண்மையான வட்டி வருஷத்துக்கு 45 வீதம் அளவில் வரும். தவணை மாதத்துக்கு 10,400. அதாவது வாடை மாதத்தில் 7,600ஆக இருந்த துண்டு 18,000 ஆகிறது. அடுத்த தையில் திரும்பவும் கடன் எடுக்காமல் இருக்க முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டு வட்டியும் 54,800. மீதி 84,000 பருவத்தில் போனது. ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 16,800. தவணைக்கு எடுத்த ரீவி, தம்பிக்குக் கொடுத்துத் திரும்பி வராத கைமாற்று, ஞாயிற்றுக்கிழமை கொத்துரொட்டி. குற்றம் சொல்லும்படி எதுவும் இல்லை. ஐந்து மாதம் நெருக்கி இருந்தவர்களுக்குக் காசு வந்தால் கை தாராளமாகும், அவ்வளவுதான்.

சேமித்துப் பார்க்காமலும் இல்லை. சம்பளம் வந்ததும் பத்து வீதத்தை முதலில் எடுத்து வை என்று எங்கோ கேட்டுவிட்டு, ஒரு வருஷம் யூன் முதல் மாதம் 5,000 வீதம் போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய கிழமை முழுவதையும் எடுத்தாயிற்று. அந்தப் புத்திமதி மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். இங்கே அது பலிக்காததற்குக் காரணம் கட்டுப்பாடு இல்லாமை அல்ல. யூனில் மிஞ்சியதாகத் தெரிந்த காசு உண்மையில் டிசெம்பரின் சாப்பாட்டுக் காசு. அதைச் சேமிப்பு என்று பெயரிட்டு வைத்தாலும் டிசெம்பர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

மாற்றியது

கணக்கை மே மாதத்தில் தொடங்கி ஏப்ரலில் முடித்தார்கள். பருவம் தொடங்கும்போது வருஷமும் தொடங்குகிறது. வீட்டுச் செலவு 71,000க்கு மனைவியின் 41,400 முழுதாகப் போகும். குறையும் 29,600ஐக் கணவர் வீட்டுக்குச் சம்பளமாகத் தருவார். யூலையிலும் 29,600, டிசெம்பரிலும் 29,600. மற்றதெல்லாம் தனியாக ஒரு வங்கிக் கணக்கில். அந்தக் கணக்குக்கு ஏரிஎம் அட்டை எடுக்கவில்லை.

சொல்ல இலகு. படகுக் காசு கையில் வருவது ஓட்டம் முடிந்த அதே பின்னேரம், ஈரக் கையோடு எண்ணி வாங்கும் ஆயிரம் ரூபாய்த் தாள்கள். நிலாவெளியில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச வழியில்தான் பாதி விடயம் தீர்மானமாகிறது. படகு முதலாளியிடம் பேசி, நாளுக்கு 500 மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, மீதிப் பங்கைச் சனிக்கிழமை கணக்கில் போடும்படி கேட்டார். அந்த 500ம் வீட்டுக்குரிய 29,600க்குள் அடக்கம். முதலாளிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, சில்லறை தேட வேண்டியதில்லை. இந்த முழு முயற்சியிலும் அதிகம் பலன் தந்தது இந்த ஒரு ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு.

பருவத்தில் மாதம் 65,400 கணக்கில் சேரும். ஐந்து மாதத்தில் 327,000. வங்கிப் புத்தகத்தில் ஆறு இலக்கம் தெரியும்போது தலை சுற்றும். அதனால் மனைவி கொப்பியின் ஒரு பக்கத்தில் அந்தக் காசுக்கு உரிய பெயர்களை எழுதி வைத்தார்: பள்ளி 32, கூரை 15, தீபாவளி 25 என்று. ஓகஸ்டில் கணவரின் தம்பி கைமாற்றுக் கேட்டு வந்தபோது, “காசு இருக்கு தம்பி, ஆனா அது பிள்ளையளின்ர சப்பாத்துக் காசு” என்று சொல்ல முடிந்தது. இல்லை என்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு கடன். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மே மாதம் கணக்குத் தொடங்கியபோது சங்கிலி அடகில் இருந்தது, ஆறு மாத வட்டியோடு 172,500. கிழமைக் கடனில் இன்னும் 35 தவணை, 84,000. வட்டி கூடிய கடனை முதலில் அடை என்பது பொதுவான விதி. அப்படிப் பார்த்தால் கிழமைக் கடனைத்தான் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். ஆனால் இவர்கள் எடுத்த கடனில் முந்திக் கட்டினாலும் வட்டி குறைக்கமாட்டார்கள், 84,000 என்றால் 84,000தான். அப்படியென்றால் முந்திக் கட்டி இலாபமில்லை. தவணையைத் தவணையாகவே கட்டி முடித்து, புதிதாக எடுக்காமல் விட்டால் போதும். அடகு வட்டியோ நாளோடு நாள் ஏறுவது. கடன் எடுத்தவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: முந்திக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?

சங்கிலியைத் தனியார் கடையில் இருந்து வங்கி அடகுக்கு மாற்றினார்கள். மனைவியின் அக்காவிடம் காலையில் காசு வாங்கி, மீட்டு, நேரே வங்கிக்குக் கொண்டுபோய் 172,500க்கு வைத்து, மத்தியானமே அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வங்கி வட்டி மாதம் ஒரு வீதம் என்று வைத்தால் 1,725. முன்னர் 150,000க்கே 3,750. வங்கியில் அன்று இன்னொரு விடயமும் நடந்தது. தங்கம் விலையேறி இருந்ததால் அதே சங்கிலிக்கு இன்னும் கூடக் காசு தரலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டு வந்தார்கள். தங்க விலை ஏறும் காலத்தில் பலர் விழுவது இந்த இடத்தில்தான், நகை அதேதான், கடன் மட்டும் வளர்ந்துவிடும்.

முதல் வருஷம் சேமிப்பு ஒரு சதமும் இல்லை. மிஞ்ச வேண்டிய 138,800இல் 84,000 கிழமைக் கடனுக்குப் போனது, மீதி 54,800ஐச் செப்ரெம்பரில் வங்கி அடகில் கட்டினார்கள். ஆனால் அந்த நவம்பரில் புதிதாக எதையும் அடகு வைக்கவில்லை, தையில் கடன் எடுக்கவில்லை. பள்ளிச் சாமான்களைக் கைக்காசுக்கு வாங்கினார்கள். இரண்டாம் வருஷம் மிஞ்சியது முழுக்கச் சங்கிலிக்கு, பருவம் முடியும்போது அது வீட்டுக்கு வந்தது. இந்த இரண்டு வருஷமும் பருவத்தில் கொத்துரொட்டி இல்லை, புதுப் போன் இல்லை. மகன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அதை மறைத்து இந்தக் கணக்கை இலகுவானது என்று காட்டக் கூடாது.

மூன்றாம் வருஷம்தான் இடம் கிடைத்தது. 138,800இல் 38,800ஐப் பருவகாலச் சந்தோசத்துக்கு என்று வெளிப்படையாக ஒதுக்கிவிட்டு, 100,000ஐச் சேமிப்பாக வைத்தார்கள். வருமானத்தில் எட்டரை வீதம்.

கணக்கில் வராமல் கிடந்த ஒன்று

சேமிப்பே இல்லை என்று சொன்ன அந்த வீட்டில் உண்மையில் மாதம் 9,000 சேர்ந்துகொண்டிருந்தது. சேமலாப நிதியில் மனைவியின் 3,600உடன் முதலாளி 12 வீதம், அதாவது 5,400 போட வேண்டும். வருஷத்துக்கு 108,000. பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம், ஆண்களுக்கு 55. அவசரத்துக்கு உடனே கைக்கு வராத காசுதான், ஆனாலும் முதுமைக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டிய பதற்றத்தை அது குறைக்கிறது. முதலாளி ஒழுங்காகப் போடுகிறாரா என்று வருஷம் ஒருமுறை மீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவருக்கு இது எதுவும் இல்லை. அவருடைய முதுமை இன்னும் கொப்பியில் ஒரு வெற்றுப் பக்கம்.

100,000ஐ எங்கே வைப்பது

மனைவிக்கு சீட்டில் விருப்பம். தெரிந்தவர்களுக்குள் நடக்கும் சிறிய சீட்டில் ஒரு கை போடுவது பிழையில்லை, மாதா மாதம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சிலருக்கு உதவும். ஆனால் வாடை மாதத்திலும் அதே தொகையைக் கட்ட வேண்டும் என்பது இந்த வீட்டுக்குப் பொருந்தாது. நடத்துபவர் ஓடிப்போனால் கேட்க ஆளும் இல்லை.

கணவர் தங்கம் என்றார். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டிப்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த வருஷம் காசாக வைத்திருந்தவர்கள் பட்டதைப் பார்த்தவருக்குத் தங்கத்தில்தான் நம்பிக்கை வரும். தப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் இந்த வீட்டில் தங்கம் என்றால் அது திரும்பவும் அடகுக் கடைக்குப் போகும் வழி. முதல் சேமிப்பை வங்கியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசு உத்தரவாதம் இருக்கிறது. மற்ற உரிமம் பெற்ற வங்கிகளில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,800,000க்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். இந்தக் குடும்பத்தில் இருவருமே அதற்குள்தான். சின்னத் தொகை என்று பலர் அந்தப் படிவத்தைக் கேட்பதே இல்லை.

எவ்வளவு சேர்ந்தால் போதும்? வழக்கமாக மூன்று மாதச் செலவு என்பார்கள், இங்கே 213,000. படகுக் குடும்பத்துக்கு அது போதாது என்று நினைக்கிறேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு அந்தப் பருவம் போனது. 2020உம் 2021உம் கொரோனா. 2022இல் எரிபொருள் வரிசை. நான்கு பருவம் தொடர்ந்து விழுந்தது. வாடையை மட்டும் எண்ணிப் போட்ட வருஷக் கணக்கு, ஒரு பருவம் தவறினாலே ஆட்டம் கண்டுவிடும். பருவத்து ஐந்து மாதக் காசில் பாதி வராமல் போனால் துண்டு 237,500. ஆகவே இந்த வீட்டுக்கு இலக்கு 240,000 என்று வைத்தோம்.

கணவருக்கு வேறு எண்ணம். சொந்தமாக ஒரு பழைய இஞ்சின் வாங்கினால் பங்கு கூடும், வருமானமும் கூடும் என்கிறார். நியாயமான கணக்குத்தான். மேசன் வேலையை விட இஞ்சின் நல்ல முதலீடு. மனைவி 240,000 நிரம்பும் மட்டும் அதைப் பேச வேண்டாம் என்கிறார். நான் மனைவியின் பக்கம். இஞ்சினும் அதே கடலை நம்பியது, கடல் தராத வருஷத்தில் இரண்டும் சேர்ந்தே கரையில் கிடக்கும். வருஷத்துக்கு 100,000 வீதம் போனால், சேமிக்கத் தொடங்கியதில் இருந்து மூன்றாவது பருவத்தின் நடுவில் இலக்கு நிரம்பும். அதற்குள் மகளின் உயர்தரப் பரீட்சை முடிந்துவிடும், ரியூசனில் அவளுடைய 6,000 குறையும். அதை இஞ்சினுக்கென்று தனியாகச் சேர்ப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.